கரியேயில் பார்க்க வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். இஸ்தான்புல் போகிறவர்கள் முதலில் ஹாகியா சோபியாவுக்குத்தான் ஓடுவார்கள். ஓடட்டும், அந்தக் குவிமாடத்தைப் பார்க்காமல் வரக்கூடாதுதான். ஆனால் நான் பேச வந்தது, பழைய கோட்டை மதிலோரம் எடிர்னெகாபி பக்கம் இருக்கும் ஒரு சின்னக் கட்டடத்தைப் பற்றி. கிழக்கு ரோமானியப் பேரரசை ஆண்ட பைசாந்தியர் காலத்தில் கோரா என்ற கிறிஸ்தவ மடத்தின் தேவாலயம். இன்று கரியே பள்ளிவாசல்.

உள்ளே போனதும் நேரே தொழுகைக் கூடத்துக்குப் போய்விடாதீர்கள். அதற்கு முன்னால் இரண்டு முகமண்டபங்கள் உண்டு. அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் பொன்னிறக் கற்சில்லு ஓவியங்கள். ஓரிடத்தில் இயேசுவின் தாய் மரியாள், குழந்தையாக, முதல் ஏழு அடி எடுத்து வைக்கிறாள். இன்னோரிடத்தில் பெற்றோர் அவளை அணைத்துக் கொஞ்சுகிறார்கள். புனிதக் கதையில் இத்தனை வீட்டு வாசனையா என்று வியந்துபோனேன்.

கூடத்து வாசலுக்கு மேலே ஒருவர் மண்டியிட்டு, கோயிலைக் கையில் ஏந்தி இயேசுவுக்குக் கொடுக்கிறார். தலையில் பூசணிக்காய் மாதிரி ஒரு பெரிய தொப்பி! அவர்தான் தியோடர் மெட்டோகைட்டஸ். பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிகஸின் முதன்மை அமைச்சர், பெரும் படிப்பாளி, பெரும் பணக்காரர். 1315க்கும் 1321க்கும் இடையே இந்த ஓவியங்களைச் செய்வித்தவர். 1328இல் பேரரசர் பதவி இழந்தார். அமைச்சரின் மாளிகை சூறையாடப்பட்டது, அவரையும் நாடு கடத்தினார்கள். பிறகு திரும்பி வந்து, தான் புதுப்பித்த இதே மடத்தில் துறவியாகத் தங்கி 1332இல் இறந்தார். தொப்பிக்காரர் தொப்பியில்லாமல் இங்கே நடமாடியதை நினைத்துக்கொண்டு பாருங்கள், ஓவியம் வேறு மாதிரித் தெரியும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டோமன் துருக்கியரின் அமைச்சர் அதிக் அலி பாஷா இதைப் பள்ளிவாசலாக்கினார். 1948 முதல் அமெரிக்க வல்லுநர்கள் ஓவியங்களைச் செப்பனிட, 1958இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 2020இல் மறுபடி பள்ளிவாசல் என்று ஆணை வந்தது. 2024 மே மாதம் தொழுகைக்குத் திறந்தார்கள்.

தொழுகைக் கூடத்தில் எஞ்சியிருக்கும் மூன்று ஓவியங்களுக்குத் திரை போடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மரியாளின் மரணக் காட்சி அங்கேதான்: இறந்த தாயின் ஆன்மாவைத் துணியில் சுற்றிய கைக்குழந்தையாக மகன் ஏந்தி நிற்கிறார். அது மேற்குச் சுவரில், தொழுபவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குமா திரை என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு மேல் தொழுகை நடந்த இடம் இது. அங்கே நெற்றி தரையில் பட வணங்குபவரை அத்துமீறி வந்தவராகப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

தெற்கே பக்கச் சிற்றாலயத்தைக் கடைசியில் பாருங்கள். அரைவட்டக் கூரையில் வெள்ளுடை இயேசு ஆதாமையும் ஏவாளையும் கல்லறையிலிருந்து கைபிடித்து இழுக்கிறார். அவர் காலடியில் நரகத்தின் கதவுகளும் பூட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன.

தலையை மூடப் பெண்கள் ஒரு துணி கொண்டு போங்கள். தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போனால் கூடத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.