எலோயிஸ் கேட்டவை

அவையோருக்கு வணக்கம்.

பிரான்சின் தத்துவ ஆசிரியர் அபெலார், அவருடைய மாணவி எலோயிஸ் என்றாலே ‘காதல் சோகம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எலோயிஸ் அம்மையார் கேட்ட கேள்விகள் அந்தச் சோகத்துக்கு அடியில் புதைந்துபோயின. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

12ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பாரிஸ் நோத்ர் தாம் பள்ளியில் தருக்கம் கற்பித்த அபெலாரின் புகழ் உச்சியில் இருந்தது. எலோயிஸ், கல்வியில் பெயரெடுத்த இளம்பெண். தாய்மாமன் ஃபுல்பேர் அபெலாரைத் தம் வீட்டில் தங்கவைத்து அவளுக்குப் பாடம் சொல்லச் சொன்னார். பசித்த ஓநாயிடம் ஆட்டுக்குட்டியை ஒப்படைத்ததுபோல் என்று பின்னாளில் அபெலாரே எழுதினார். அந்த வீட்டில் இடம்பிடிக்க வழி தேடியவரும் அவர்தான்! ஆண் குழந்தை பிறந்தது. விண்மீன்களின் உயரம் அளக்கும் கருவியின் பெயரை வைத்தார்கள்: அஸ்ட்ரோலாப். திருமணம் வேண்டாம், தொட்டில் ஆடும் வீட்டில் தத்துவம் எப்படி வளரும் என்று எலோயிஸ் வாதாடினார். அபெலார் கேட்கவில்லை, இரகசியமாக மணம் நடந்தது. பிறகு எலோயிஸை அர்ஜாந்தேய் கன்னிமடத்தில் கொண்டுபோய் விட்டார். மருமகளைக் கைகழுவிவிட்டான் என்று கொதித்த மாமன் ஆட்களை ஏவினார். தூங்கிக்கொண்டிருந்த அபெலாரின் ஆண்மையை அறுத்துவிட்டார்கள்.

இருவரும் துறவு பூண்டார்கள். யார் முதலில்? எலோயிஸ்தான் முதலில் முக்காடு ஏற்க வேண்டும் என்று அபெலார் கட்டளையிட்டார். அந்த முள் பதினைந்து ஆண்டுகளாகியும் எலோயிஸின் நெஞ்சிலிருந்து அகலவில்லை. விவிலியத்தில் தடையை மீறித் திரும்பிப் பார்த்த லோத்தின் மனைவிபோல் நானும் திரும்பிப் பார்த்துவிடுவேன் என்று அஞ்சினீர்களா, என்னை நம்பாத அந்த ஒரு செயலுக்காக வெட்கி வருந்தினேன், நீங்கள் சொல்லியிருந்தால் நெருப்புக்குள்ளும் உங்களுக்கு முன்னால் போயிருப்பேனே என்று எழுதினார். அபெலாரோ செபம் செய்யச் சொன்னார்.

எலோயிஸ் பேச்சை மாற்றினார், அறிவை அடக்கிக்கொள்ளவில்லை. பாராக்ளேத் மடத்தின் தலைவியாக அவர் கேட்டதைப் பாருங்கள்: துறவு மடங்களுக்குப் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு ஆண்களுக்காக எழுதப்பட்டது, உடலோடு ஒட்டிய கம்பளி அங்கி மாதவிலக்குள்ள பெண்களுக்கு எப்படிப் பொருந்தும்? 12ஆம் நூற்றாண்டில் ஒரு மடத்தலைவி இதைத் தயங்காமல் எழுத்தில் வைத்திருக்கிறார். வேதநூல் குறித்து 42 ஐயங்களையும் அபெலாருக்கு அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் அவர் விடை எழுத வேண்டியிருந்தது.

1142இல் அபெலார் மறைந்தார். உடல் பாராக்ளேத்துக்கு வந்துசேர்ந்தது. அபெலாருக்குக் கடைசிக் காலத்தில் அடைக்கலம் தந்த க்ளூனி மடாதிபதிக்கு எலோயிஸ் எழுதிய கடிதம் இருக்கிறது. அபெலாரின் கல்லறைமேல் தொங்கவிட, முத்திரையிட்ட பாவமன்னிப்பு ஓலை ஒன்று கேட்டார். கூடவே, மகன் அஸ்ட்ரோலாபுக்குத் திருச்சபையில் ஒரு பதவி.