சிக்குன்குனியா இலங்கைக்கு வந்த வழி: மரபணு தரும் சான்று

[திரையில்: இந்து சமுத்திர வரைபடம். கென்யாவின் லாமு தீவில் சிவப்புப் புள்ளி.]

2006ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இங்கே கொழும்பிலும் மக்கள் கடுங்காய்ச்சலோடு, நிமிர்ந்து நடக்கவும் முடியாத மூட்டுவலியோடு வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். நுளம்பால் பரவும் வைரசு நோயான சிக்குன்குனியா ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின் திரும்பியிருந்தது.

அது வந்த வழியை அறிய, நோயாளரின் இரத்தத்தில் உள்ள வைரசின் மரபணுவைப் படிக்க வேண்டும். அந்த மரபணு ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறால் ஆனது. சுமார் 11,800 எழுத்துகள் கொண்ட அது படியெடுக்கப்படும்போது ஏற்படும் பிழைகள் பெரும்பாலும் திருத்தப்படாமலே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. ஒரே பிழைகளைக் கொண்ட ஏட்டுச்சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று பதிப்பாசிரியர்கள் கணிப்பதைப் போலவே, ஆய்வாளர்களும் வைரசுகளின் உறவுமுறையைக் கணிக்கிறார்கள்.

[திரையில்: வைரசுகளின் கிளைமரம்.]

2004இல் கென்யாவில் பரவிய ஆபிரிக்க மரபுவழி, 2005இல் இந்து சமுத்திரத் தீவுகளான கொமரோசையும் ரியூனியனையும் அடைந்தது. ரியூனியனில் மக்கள்தொகையின் மூன்றிலொரு பங்கினரை நோய் தாக்கியது. அங்கிருந்தே இலங்கைக்கும் வந்திருக்கும் என்று வரைபடத்தைப் பார்ப்பவர் எண்ணக்கூடும். ஆனால் இலங்கை மாதிரிகள் அந்தத் தீவுகளின் வைரசைவிட இந்திய வைரசுக்கே நெருக்கமானவை என்று மரபணு காட்டியது.

இந்தக் கதையில் என்னை மிகவும் வியக்கவைப்பது ஒரேயொரு எழுத்து மாற்றம். வைரசின் மேற்பரப்பிலுள்ள ஈ1 புரதத்தில் 226ஆம் இடத்திலிருந்த அலனின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமான அலகு), அந்த மாற்றத்தால் வாலின் என்னும் வேறோர் அமினோ அமிலம் ஆனது. அதன் பின், வீட்டுக்குள் வாழும் ஈடிஸ் எஜிப்தியை மட்டுமன்றி, தோட்டங்களில் வாழும் ஈடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பையும் வைரசு எளிதில் தொற்றியது. ரியூனியனில் தோன்றிய இதே மாற்றம் இந்திய வைரசிலும் தனியாகத் தோன்றியது. ஆகவே ஒரு மாற்றம் பொதுவாக இருப்பதை மட்டும் வைத்து உறவைத் தீர்மானிப்பது தவறு. மரபணுவின் ஏனைய மாற்றங்களும் ஒத்துவர வேண்டும்.

2008இல் இலங்கையில் இந்த மாற்றமுற்ற வைரசு பரவியிருந்தது. அதனால் பூச்சாடியையும் கூரைப் பீலியையும் சோதித்தால் மட்டும் போதாது. வாழையின் இலைக்கக்கத்திலும் இறப்பர் தோட்டத்துச் சிரட்டையிலும் தேங்கும் நீரையும் பார்க்க வேண்டும்.

[திரையில்: இரத்த மாதிரிக் குழாய், அதில் திகதி.]

இவ்வளவுக்கும் காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்திலேயே இரத்தம் எடுக்கப்பட வேண்டும். பிந்தினால் இரத்தத்தில் பெரும்பாலும் வைரசை எதிர்க்க உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகளே கிடைக்கும். அவற்றை வைத்து நோய் வந்ததை உறுதிப்படுத்தலாமே தவிர, வைரசின் வழியைத் தேட முடியாது.