படமே எடுக்க முடியாத விண்மீனை எப்படி அளக்கிறார்கள்?

எல்லாருக்கும் வணக்கம். முதலில் இந்தப் படம். நாசாவின் சந்திரா விண்வெளித் தொலைநோக்கி எக்ஸ் கதிரில் எடுத்த சிரியஸ், இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீன். பளிச்சென்று தெரிகிற பெரிய புள்ளி சிரியஸ் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, அது அதன் துணை, சிரியஸ் பி. சாதாரண ஒளியில் சிரியஸைவிட சுமார் 10,000 மடங்கு மங்கலான வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்த விண்மீனின் மிச்சம். பூமி அளவுதான், ஆனால் எடை கிட்டத்தட்ட சூரியனுடையது. மேற்பரப்பு 25,000 டிகிரி. அதனால்தான் எக்ஸ் கதிரில் ஆளே மாறிப்போகிறது.

இந்தக் கதிர்களை நம் காற்றுமண்டலம் விழுங்கிவிடும், மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியும் உதவாது, கதிர் நேராக உள்ளே புகுந்துவிடும். குளத்தில் சில்லைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிக் கதிர் உரசிக்கொண்டு போகிற கோணத்தில் கண்ணாடியை வைக்கிறார்கள்.

சரி, நியூட்ரான் விண்மீனுக்கு வருவோம், அதாவது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சுகிற நெருக்கமான உட்கரு. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சூரியனைவிட அதிக எடை, குறுக்களவோ சுமார் 25 கிலோமீட்டர்தான். எந்தத் தொலைநோக்கிக்கும் அது வெறும் புள்ளி. அப்புறம் அதன் ஆரம் எப்படித் தெரியும்? நேரத்தை வைத்து!

2017-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நைசர் என்ற கருவியைப் பொருத்தினார்கள். படம் எடுப்பது அதன் வேலை இல்லை. வருகிற ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளும் எப்போது வந்தது என்று, விநாடியைக் கோடிக்கணக்கில் கூறுபோட்ட துல்லியத்தோடு குறித்துக்கொள்ளும். அது கவனித்த ஒரு பல்சர், அதாவது வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாக ஒளி அனுப்பும் நியூட்ரான் விண்மீன், ஜே0030+0451. சுமார் 1,100 ஒளியாண்டு தூரம், விநாடிக்கு 205 சுற்று. மேற்பரப்பில் சூடான திட்டுகள் இருக்கின்றன. திட்டு பின்பக்கம் போனால் வெளிச்சம் அணைந்துவிட வேண்டும், இல்லையா? முழுசாக அணைவதில்லை. ஈர்ப்பு ஒளியை வளைத்துப் பின்பக்கத்தையும் கொஞ்சம் காட்டிவிடுகிறது. எடையோடு ஒப்பிட்டால் உருவம் எவ்வளவு சிறிதோ, அவ்வளவு வளைவு. அத்தோடு, ஆரம் பெரிதென்றால் மேற்பரப்பின் வேகமும் அதிகம். நம்மை நோக்கி வரும்போது கூடுதல் பிரகாசம், விலகும்போது குறைவு. இந்த ஏற்ற இறக்கத்தின் வடிவத்திலேயே எடையும் ஆரமும் ஒளிந்திருக்கின்றன.

ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு, மேரிலாந்தில் ஒரு குழு. தனித்தனியாகக் கணக்குப் போட்டு 2019-இல் வெளியிட்டார்கள். இரண்டுக்கும் ஆரம் 13 கிலோமீட்டர் பக்கம்தான். இன்னொரு வேடிக்கை, திட்டுகள் எல்லாமே தென்பாதியில்! பாடப்புத்தகப் படங்களில் எதிரெதிரே இரண்டு காந்தத் துருவம் வரைந்து, திட்டுகளை அங்கே காட்டுவார்களே, அது இங்கே பொருந்தவில்லை.

பிறகு ஜே0740+6620 என்ற இன்னொரு பல்சர். சூரியனைப்போல் இரு மடங்கு எடை. எடை கூடினால் நசுங்கிச் சிறுத்துப்போகும் என்று சில கோட்பாடுகள் சொல்லின. 2021-இல் வந்த அளவீட்டில் இதன் ஆரமும் ஏறக்குறைய அதே 12, 13 கிலோமீட்டர்தான். அதாவது உள்ளே இருக்கிற பொருள் அவ்வளவு எளிதில் அமுங்குகிற ரகம் இல்லை. மென்மையான உட்கருவைச் சொன்ன கோட்பாடுகளில் பலவற்றுக்கு இப்போது நெருக்கடிதான்.