வலை வீசியவன் அடுத்த சுற்றில் என்ன செய்கிறான்?

நேயர்களுக்கு வணக்கம்.

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு வீட்டு விதி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒன் பிட்ச் கேட்ச் பிடித்தால் அவுட். எதிர்வீட்டுக் காம்பவுண்டுக்குள் பந்து போனாலும் அவுட். அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். இந்த விதிகள் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அந்தத் தெருவின் அகலத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. நான் இன்று பேச வந்திருப்பதும் அப்படி அளவெடுத்துத் தைத்த விதிகளைப் பற்றித்தான். ஆட்டம் மட்டும் வேறு.

மேசைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு இது. 1824இல் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே இதைச் சேர்த்துக்கொண்டது. 1913இல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டில் ஆடுவதற்கு விதிகள் எழுதி வெளியிட்டார். இன்று உலகம் முழுக்கப் பரவலாக ஆடப்படும் பொம்மைகள் 28 மில்லிமீட்டர் அளவு, கட்டைவிரலின் மேல்கணுவை விடக் கொஞ்சம் கூடுதல். ஆளுக்குப் பத்துப் பொம்மை இருந்தால் ஒரு படைக்குழு ஆயிற்று.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில் மூன்றடிக்கு மூன்றடி ப்ளைவுட் பலகை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து இரண்டு நண்பர்கள் பஸ் பிடித்து வருவார்கள். பத்தாவது படிக்கும் என் தம்பி மகன் நாலாவது ஆள். விலைக்குக் கிடைக்கும் விதிப் புத்தகங்களில் பூதங்களும் ஐரோப்பிய வீரர்களும் நிறையவே இருந்தார்கள். எங்களுக்கு எங்கள் ஊர்க் கடற்கரையான தேவனாம்பட்டினம் வேண்டியிருந்தது. அங்கே கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கோட்டை இடிபாடு கிடக்கிறது. அதற்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியிருக்கிறார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தார். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூதங்களோடு ஆட மனம் வரவில்லை. நாங்களே குழுக்களை அமைத்தோம்: கோட்டைக் காவல், புதுச்சேரிச் சிப்பாய்கள், உடையார்பாளையத்து வேல்காரர்கள், கட்டுமரக்காரர்கள்.

கட்டுமரக்காரர்கள் தம்பி மகனுடைய யோசனை, நல்ல யோசனையும்கூட. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் கப்பல் அணைய இடம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிடும். ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரை சேர, ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகும், சேதி கொண்டுபோகக் கட்டுமரமும் வேண்டும். அவர்கள் இல்லாமல் கோட்டை ஏது? ஆனால் அவன் எழுதிய விதிகளைப் பாருங்கள். தண்ணீரில் வேகம் குறையாது. இருட்டில் கண் தெரியும். மணல்மேட்டில் ஒளியலாம். வலை வீசினால் எதிரி ஒரு சுற்று அசைய முடியாது. மூன்று ஞாயிறு தொடர்ந்து ஜெயித்தான். நாலாவது ஞாயிறு அவனுக்கு எதிரில் உட்கார ஆளில்லை.

ஒரு குழுவின் விதியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அந்தக் குழுவால் என்ன முடியாது என்பதை முதலில் எழுத வேண்டும். இதை நம் ஊரில் தெரியாதவர்கள் யார்? ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. ஆடு வெட்டாது. 15 ஆடும் இறங்கி முடியும்வரை, இறங்கிய ஆடு நகரவும் கூடாது. அப்படியும் நிதானமாக ஆடத் தெரிந்தவர் புலியை மூலையில் அடைத்துவிடுகிறார். ஆட்டுக்கு வெட்டும் உரிமையைக் கொடுத்துப் பாருங்கள், ஆட்டம் அன்றே செத்துப்போகும். ஆடு ஆடாக இருப்பதே அதனால் முடியாதவற்றால்தான்.

சரி, வலையை என்ன செய்வது? ஒரு நாள் காலையில் தேவனாம்பட்டினத்துக்குப் போய், வீச்சுவலை போடும் ஓர் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வலையின் ஒரு பகுதியை முழங்கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். ஓரத்தைப் பல்லில் கவ்வினார். உடம்பைத் திருப்பி ஒரு வீச்சு. ஈயக்குண்டுகள் வட்டமாகத் தண்ணீரில் விழுந்தன. வீச்சு ஒரு நொடிதான். பிறகு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இழுத்தார், பாசியை உதறினார், மறுபடி முழங்கையில் மடிப்பு மடிப்பாக அடுக்கினார். அதுவரை அவர் இரண்டு கையும் வலைக்குத்தான் சொந்தம். தம்பி மகன் என் பக்கம் திரும்பி, "பெரியப்பா, வீசிட்டா அடுத்த சுற்று இழுக்கணும், அதுக்கடுத்த சுற்று மடிக்கணும்" என்றான். அதுதான் விதி. இழுக்கும் சுற்றிலும் மடிக்கும் சுற்றிலும் அந்த ஆள் சண்டை போட முடியாது. வலையை அங்கேயே விட்டுவிட்டு ஓடலாம்; ஆனால் அந்த ஆட்டத்தில் அவனுக்கு மறுபடி வலை கிடையாது. இருட்டில் கண் தெரிவதை அடியோடு எடுத்துவிட்டோம். தண்ணீரில் வேகம் அப்படியே இருக்கிறது, அது அவர்கள் தொழில். இப்போது அந்தக் குழுவோடு மோத ஆள் போட்டி போடுகிறது.

கோட்டைக் காவலுக்கு வரலாறே ஒரு விதியைக் கொடுத்தது. 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் அவர்களுக்கு என்று பேச்சு. அப்படிச் சேர்ந்தவற்றைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். எங்கள் ஆட்டத்தில் கோட்டைக் காவல் தொடக்கத்தில் மூன்று பகடை உருட்டும். கூட்டினால் எத்தனையோ, அத்தனை அங்குலத்துக்குள் இருக்கும் வீடெல்லாம் அதன் பொறுப்பு. நிறைய விழுந்தால் லாபம் என்று தோன்றும். பத்துப் பேரை வைத்துக்கொண்டு அத்தனை வீட்டையும் காப்பது எப்படி என்பது மூன்றாம் சுற்றில் தெரியும்.

மழை விதிக்குத்தான் அதிகம் மெனக்கெட்டோம். 1748இல் புதுச்சேரியை முற்றுகையிட்ட ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன், நோயும் பருவமழையும் சேர்ந்து நெருக்கியதால் அக்டோபரில் திரும்பினார். அந்தக் காலத்துத் தீக்கல் துப்பாக்கியில் கிண்ணத்து வெடிமருந்து நனைந்தால் பொறி பட்டும் வெடிக்காது. முதலில், பகடையில் ஆறு விழுந்தால் மழை என்று வைத்தோம். ஒரு நாள் முதல் சுற்றிலேயே ஆறு விழுந்தது. சிப்பாய்க் குழு வைத்திருந்த நண்பர் பேசாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ஐப்பசி மழை அப்படியா வருகிறது? கிழக்கே கடல் கறுக்கும், காற்று மாறும், கொடியில் துணி எடுக்க நேரம் கிடைக்கும். அதனால் முதல் ஆறு மேகம், இரண்டாவது ஆறு மழை. நடுவில் கிடைக்கும் சுற்றுகளில் சிப்பாய்களை வீட்டுத் திண்ணைக்கு ஒதுக்கலாம். அங்கே மருந்து நனையாது.

பலகைமேல் இருக்கும் வீடுகளுக்கு வில்லியனூர் களிமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் வேலையும் கைகொடுக்கின்றன. ஒரு முறை நான் அழகாகச் சவுக்குத் தோப்பு செய்து வைத்தேன். 1748இல் சவுக்குத் தோப்பு ஏது, அது 19ஆம் நூற்றாண்டில் அல்லவா இங்கே வந்தது என்று முத்தியால்பேட்டை நண்பர் எடுத்து வைத்துவிட்டார். பனைமரம் செய்தேன்.

விதியைச் சோதிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கு ஒரு விதியை மட்டும் மாற்றுவோம். எழுதியவர் அந்த விதிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஆட வேண்டும். மூன்று ஆட்டம் தாங்கினால்தான் நோட்டில் பென்சில் எழுத்து பேனா எழுத்தாகும்.

இப்போது பென்சிலில் இருப்பது ஒன்றே ஒன்று. 1783 ஜூன் 13 அன்று கடலூரில் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படையும் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் கடுமையாக மோதின. ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. அந்தச் சேதி கப்பலில் இங்கே வந்து சேர ஜூன் கடைசி ஆயிற்று. அதை வைத்து ஒரு விதி: ஐந்தாம் சுற்று முடிந்ததிலிருந்து ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பகடை உருட்ட வேண்டும், ஆறு விழுந்தால் சேதிக் கப்பல் வந்தாயிற்று, ஆட்டம் அந்த நொடியே முடிந்தது. போன வாரம் முதல் தடவை ஆடினோம். ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு, இன்னும் ஜெயிக்க இடம் இருந்தும், இரண்டு பக்கமும் ஒரு சிப்பாயைக்கூட முன்னே தள்ளவில்லை. நாலு பேரும் கடல் பக்கத்து ஓரத்தையே பார்த்துக்கொண்டு பகடையை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தோம். எட்டாம் சுற்றில் ஆறு விழுந்தது.

இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி. வணக்கம்.