டெல்லி லோட்டஸ் டெம்பிள்: பளிங்கை விடுங்க, கான்கிரீட்டைப் பாருங்க!

(திரையில்: குளத்துக்கு அப்பால் கோயில்)

வணக்கம் மக்களே! சாமி சிலை கிடையாது, பூசாரி கிடையாது, உண்டியலும் கிடையாது. அப்படியும் டெல்லியில் கூட்டம் அலைமோதுகிற ஒரு கோயில் இருக்கிறது. பஹாய் சமயத்தார் கட்டியது, எந்த மதத்துக்காரரும் உள்ளே போகலாம். ஆனால் நன்கொடையை மட்டும் பஹாய்களிடம்தான் வாங்குவார்கள், நீங்கள் நோட்டை நீட்டினாலும் வேண்டாம் என்றுவிடுவார்கள்!

வரலாறு ஒரே மூச்சில்: 19-ஆம் நூற்றாண்டில் ஈரானில் பிறந்த சமயம், தோற்றுவித்தவர் பஹாவுல்லா, கோயிலை வடிவமைத்தவர் ஃபரிபோர்ஸ் சஹ்பா, திறந்தது 1986 டிசம்பரில். போதும், பரீட்சையா எழுதப் போகிறோம்?

சரி, விஷயத்துக்கு வருவோம். தாமரைப் பூ வடிவக் கோயில், மொத்தம் 27 இதழ்கள், 9 பக்கம், 9 வாசல். எல்லாரும் வெளியே இருக்கிற பளிங்கைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். அது கிரீஸ் நாட்டுக் கல், இத்தாலியில் அறுத்துக் கொண்டுவந்தார்கள், அழகுதான். ஆனால் பளிங்கு வெறும் மேல்சட்டை, ஆள் கான்கிரீட்!

(திரையில்: உள்கூரையின் வரைபடம்)

மண்டபத்துக்குள் அண்ணாந்து பார்த்தால் தெரிவது வெள்ளை சிமெண்ட் கான்கிரீட். இதில் ஒரு சிக்கல். இன்று பாதி, நாளைக்கு மீதி என்று போட்டால் நடுவில் ஒட்டுப்போட்ட கோடு விழும், வெள்ளையில் அது பளிச்சென்று தெரியும். அதனால் உள் இதழ் ஒன்றைப் போட ஆரம்பித்தால் ராத்திரி பகல் பார்க்காமல் சுமார் 48 மணி நேரம் தொடர்ந்து போட்டார்கள். அத்தனை கலவையும் சாரத்தில் மேலே போனது எப்படி தெரியுமா? கூடை கூடையாக, சித்தாள் பெண்களின் தலையில்! டெல்லி வெயிலில் கலவை சூடேறாமல் இருக்க அளந்து ஐஸ் போட்டார்கள், கம்பி துருப்பிடித்து வெள்ளையில் கறை இறங்கிவிடக் கூடாதென்று அதற்குத் துத்தநாகப் பூச்சு வேறு. இவ்வளவையும் செய்து முடித்தது யார்? எல் அண்ட் டி நிறுவனத்தின் கட்டுமானப் பிரிவான, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஈசிசி. நம்ம ஊர்க்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் சுற்றியுள்ள 9 குளங்கள் அழகுக்கு மட்டும் இல்லை, தண்ணீர்மேல் குளிர்ந்து வருகிற காற்று அடித்தளம் வழியாக மண்டபத்துக்குள் ஏறி உச்சி வழியாக வெளியேறும்.

உள்ளே பிரசங்கமும் இல்லை, வாத்தியமும் இல்லை. பிரார்த்தனை நேரத்தில் மனிதக் குரல் மட்டும்தான், எந்த மத வேதத்தையும் ஓதலாம். என்னைக் கேட்டால் அந்த நேரம் பார்த்துப் போவதுதான் சரி. வாசலில் செல்ஃபி எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்!

கட்டணம் இல்லை. செருப்பைக் கழற்ற வேண்டும், மண்டபத்துக்குள் பேச்சும் போட்டோவும் கூடாது. கல்காஜி மந்திர் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை. போய் வந்தவர்கள் உள்ளே எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தீர்கள் என்று கமெண்டில் போடுங்கள், பொய் சொல்லக் கூடாது!