எம்ப்ளாயி ரெக்கார்ட் ஸ்கிரீன்ல அந்த எடிட் பட்டன் தான் வில்லங்கமே

ஹலோ மக்களே, இன்னைக்கு எம்ப்ளாயி ரெக்கார்ட் மேனேஜ் பண்ற சாஃப்ட்வேருக்கு யூஐ, அதாவது யூஸ் பண்றவங்க பாக்கற ஸ்கிரீன, டிசைன் பண்றத பத்தி பேசலாம். டாஷ்போர்டு, பை சார்ட் இதெல்லாம் நான் தொடவே போறதில்ல, ஏன்னா எச்ஆர்ல உக்காந்திருக்கறவங்க யாரும் காலைல வந்து பை சார்ட்ட ரசிக்கறதில்ல. போன் அடிக்கும், யாரோ ஒருத்தர் எனக்கு லீவு எவ்ளோ பாக்கி, பேங்க் அக்கவுன்ட் மாத்தணும்னு கேப்பாங்க, அந்த ஆளோட ரெக்கார்ட் டக்குனு வரணும், அவ்ளோதான்.

அதனால முதல் ஸ்கிரீன்ல பெருசா ஒரு சர்ச் பாக்ஸ். பாதி பேர் அடிச்சாலும் வரணும், ஐடி அடிச்சாலும் வரணும். ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க, சோ ரிசல்ட்லயே பேருக்குப் பக்கத்துல போட்டோ, டிபார்ட்மென்ட் காட்டிடுங்க, வேற யாருக்கோ சம்பளத்த மாத்திவிட்டுட்டு அப்புறம் குத்துதே குடையுதேன்னா எப்படி.

சரி, மேட்டருக்கு வரேன். டேட்டா டேபிள்ல நாப்பது ஃபீல்டு இருந்தா நாப்பதையும் அப்படியே ஃபார்ம்ல கொட்டி, மேல ஒரு எடிட் கீழ ஒரு சேவ், முடிஞ்சுதுன்னு டெவலப்பர் கெளம்பிடுவாரு. ஆனா ரெக்கார்ட மாத்தறதுல ரெண்டு வகை இருக்குங்க. பொறந்த தேதி 12க்கு பதிலா 21னு டைப் ஆயிடுச்சு, அத திருத்தறது ஒண்ணு. புரமோஷன் வந்துச்சு, டிபார்ட்மென்ட் மாறுச்சு, அது இன்னொண்ணு. முதல்ல சொன்னதுல பழைய வேல்யூ என்னைக்குமே தப்பு, ரெண்டாவதுல பழைய வேல்யூ நேத்து வரைக்கும் கரெக்ட். ரெண்டையும் ஒரே சேவ் பட்டன்ல விட்டு பழசு மேலயே புதுச எழுதினீங்கன்னா, ஜூலைல சம்பளம் ஏறின ஆளுக்கு மார்ச் ரிப்போர்ட் எடுத்தாலும் புது சம்பளம் தான் வரும், ஆடிட் அன்னைக்கு எல்லாரும் பழைய எக்ஸெல் ஃபைல தேடிட்டு அலைவாங்க.

பீப்பிள்சாஃப்ட் மாதிரி பெரிய எச்ஆர் சாஃப்ட்வேர்ல இதுக்கு எஃபெக்டிவ் டேட்னு, அதாவது மாற்றம் எந்த தேதிலேர்ந்து செல்லும்னு, வெச்சிருக்காங்க, பழசுல இருக்கற தப்ப திருத்த கரெக்ட் ஹிஸ்டரின்னு தனி மோடே இருக்கு. ஐடியா சூப்பர், ஆனா அந்த வார்த்தைங்கள அப்படியே ஸ்கிரீன்ல போட்டா புதுசா சேந்த அசிஸ்டன்ட் முழிப்பாங்க. நான் என்ன சொல்றேன்னா எடிட்ட தூக்கிடுங்க, ‘தப்ப திருத்து’, ‘புது மாற்றம்’னு ரெண்டு பட்டன் வைங்க. ரெண்டாவத அமுக்கினா மொத கேள்வியே எந்த தேதிலேர்ந்துன்னு கேக்கணும், அடுத்த மாச தேதியையும் ஏத்துக்கணும், ஏன்னா ஆர்டர் முன்னாடியே கைக்கு வந்துடும். யார் மாத்தினா, எப்ப மாத்தினான்னு அதே பக்கத்துல கீழ தெரியட்டும், அட்மின் கிட்ட போய் கெஞ்ச வேண்டாம்.

டெலிட் பட்டன் இந்த ஸ்கிரீன்ல எதுக்கு? வேலைய விட்டு போனாரா, கடைசி வேலை நாள போட்டு இன்ஆக்டிவ் பண்ணு. வெச்சிருக்க வேண்டிய காலம் முடிஞ்சு அழிக்கறது வேற வேலை, அது வேற ஆள் கைல இருக்கட்டும்.

அப்புறம் கடகடன்னு சிலது. 03/04ன்னு போட்டா மார்ச்சா ஏப்ரலான்னு சண்டை வரும், மாசத்த எழுத்துல காட்டுங்க. ஐடிய நம்பரா ஸ்டோர் பண்ணா 00457ல முன்னாடி இருக்கற ரெண்டு சைபரும் காலி, டெக்ஸ்ட்டா வைங்க. லாஸ்ட் நேம் கட்டாயம்னு செவப்பு ஸ்டார் போடாதீங்க, ஒரே பேர் மட்டும் உள்ளவங்க பாவம் புள்ளி வெச்சு ரொப்பறாங்க. ஆக்டிவ்வா இல்லையாங்கறத வெறும் பச்சை செவப்பு கலர்ல மட்டும் சொல்லாதீங்க, அந்த ரெண்டும் பிரிஞ்சு தெரியாதவங்க இருக்காங்க, பக்கத்துல வார்த்தையும் போடுங்க. எல்லாரும் வெப்ப யூஸ் பண்ண முடியணும்னு போட்ட டபிள்யூசிஏஜி கைட்லைன்ல, சாதாரண சைஸ் எழுத்துக்கும் அதோட பின்னணிக்கும் நடுவுல கான்ட்ராஸ்ட் குறைஞ்சது 4.5:1 இருக்கணும்னு இருக்கு, ஸ்டைலுக்காக வெளிர் சாம்பல்ல எழுதறவங்க கொஞ்சம் கவனிங்க.

டெஸ்ட் பண்ணும்போது டெவலப்பர வெச்சு பண்ணாதீங்க, நிஜமா அந்த வேலை பாக்கறவங்கள உக்கார வைங்க. “இவருக்கு அடுத்த மாசம் 1ஆம் தேதிலேர்ந்து டிபார்ட்மென்ட் மாத்துங்க”ன்னு மட்டும் சொல்லிட்டு, வாய மூடிட்டு மவுஸ் எங்கெல்லாம் சுத்துதுன்னு பாருங்க, அங்க தான் உங்க டிசைன் வேலையே இருக்கு.

பல்க் அப்லோடு, அதாவது நெறைய பேர் ரெக்கார்ட ஒரே ஃபைல்ல ஏத்தறது, பத்தி தனி வீடியோ போடறேன், 300வது வரில ஒரு தப்புன்னா மொத்த ஃபைலையும் திருப்பி அனுப்பறாங்க பாருங்க, அந்த கொடுமைய பேச இன்னைக்கு டைம் பத்தாது. பை மக்களே.