லீனா ஹார்ன் பாட்டை எப்படி வெட்டினார்கள்?

[திரையில்: ராணுவ முகாம் கலைநிகழ்ச்சி, வண்ணத்தில்]

1943-இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோ எடுத்த படம் ‘தவுசண்ட்ஸ் சியர்’. ஜீன் கெல்லி, கேத்ரின் கிரேசன் ஜோடி. கடைசியில் வரும் கலைநிகழ்ச்சியில் கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் ‘ஹனிசக்கிள் ரோஸ்’ பாடுகிறார். பென்னி கார்ட்டர் குழு வாசிக்கிறது. பாட்டு முடிந்ததும் அவர் வேலையும் முடிந்தது. கதைக்குள் அவருக்கு இடமே கிடையாது.

இது திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு. ஒரு கறுப்பினப் பெண்ணை நட்சத்திரமாகக் காட்டும் காட்சியை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல இடங்களில் திரையிட விடமாட்டார்கள். மெம்ஃபிஸ் நகரத் திரைப்படத் தணிக்கைக் குழுத் தலைவர் லாய்ட் பின்ஃபோர்ட் அப்படி வெட்டச் சொன்னவர்களில் பெயர்போனவர். வெட்டினாலும் படம் ஓட வேண்டும், வசூலும் குறையக் கூடாது. அதற்கேற்பத்தான் காட்சியையே எடுத்தார்கள்.

[திரையில்: 35 மி.மீ. ஃபிலிம், ஓரத்தில் ஒலித்தடம்]

ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று நிமிடப் பாட்டு என்றால் 270 அடி. இரண்டு பக்கமும் வெட்டி, ஃபிலிம் சிமெண்ட் என்ற பசையைத் தடவி ஒட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் சிக்கல் ஒலியில் இருக்கிறது. ஒரு படச்சட்டத்துக்கு (பிரேம்) உரிய ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது. சுமார் 20 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். பேச்சோ பின்னணி இசையோ ஓடும் இடத்தில் கத்தரி வைத்தால் சொல் பாதியில் அறுபடும், இசை குதிக்கும். அதனால் பாட்டுக்கு முன்னும் பின்னும் தெளிவான நிறுத்தம் வேண்டும். அதைவிட முக்கியம், கதாநாயகன் நாயகி யாரும் லீனாவோடு ஒரே சட்டத்தில் வரக்கூடாது. வந்தால் கதையும் சேர்ந்து அறுந்துவிடும்.

அதே ஆண்டு ‘கேபின் இன் த ஸ்கை’, ‘ஸ்டார்மி வெதர்’ இரண்டிலும் அவருக்கு முழு வேடம் கிடைத்தது. அவை கறுப்பினக் கலைஞர்களை மட்டும் வைத்து எடுத்த படங்கள்.

[திரையில்: ஃப்ரெடி வாஷிங்டன், 1933]

கத்தரிக்கு முன்பே ஒப்பனையும் இந்த வேலையைச் செய்தது. ‘எம்பரர் ஜோன்ஸ்’ படத்தில் கறுப்பின நடிகர் பால் ராப்சனுடன் நடித்த ஃப்ரெடி வாஷிங்டன் வெளிர் நிறமுள்ள கறுப்பின நடிகை. பார்ப்பவர்கள் அவரை வெள்ளைக்காரப் பெண் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், முகத்தைக் கருமையாக்கி அவர் காட்சிகளை மறுபடி எடுக்க வைத்தார்கள். படத்தில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் வகுத்து, 1934 முதல் கண்டிப்பாக அமலான தயாரிப்பு விதித்தொகுப்பு கறுப்பின, வெள்ளையினக் காதலைத் திரையில் தடைசெய்தது. இரு பக்கமும் சேராதவராக ஆக்கப்பட்ட ஃப்ரெடிக்கு ஹாலிவுட்டில் வேடங்கள் வறண்டன. இவ்வளவு திறமையை ஒரு தொழில் இப்படி வீணாக்கியது பெரிய கொடுமை.

லீனாவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். அவருக்காக மேக்ஸ் ஃபாக்டர் ஒப்பனை நிறுவனத்தார் ‘லைட் எஜிப்ஷியன்’ என்ற முகப்பூச்சைத் தயாரித்தார்கள். 1946-இல் ஒரு படத்தின் மேடைக் காட்சியில் ‘ஷோ போட்’ நாடகத்தில் வரும் கலப்பினப் பெண் ஜூலியின் வேடத்தில் அவர் பாடினார். 1951-இல் எம்ஜிஎம் ‘ஷோ போட்’டை முழுப்படமாக எடுத்தபோது ஜூலி வேடம் வெள்ளையின நடிகை ஏவா கார்ட்னருக்குப் போனது. ஏவா முகத்தில் பூசியது அதே ‘லைட் எஜிப்ஷியன்’.

[திரையில்: எவலின் ப்ரியர், மௌனப்படம்]

இப்போது இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்னே போவோம். ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர், ஸ்டுடியோக்களுக்கு வெளியே எடுத்த ‘விதின் அவர் கேட்ஸ்’, 1920. எவலின் ப்ரியர் ஏற்ற வேடம் சில்வியா என்ற ஆசிரியை. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்கு 5,000 டாலர் திரட்ட பாஸ்டனுக்குப் போகிறார். கடைசியில் 50,000 கிடைக்கிறது. காதல், துரோகம், கடந்தகாலம் எல்லாமே அவரைச் சுற்றித்தான் நகர்கின்றன. அவரை நீக்கினால் கதையே கிடையாது.

பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்த இந்தப் படத்தின் ஒரு பிரதி ஸ்பெயினில் கிடைத்தது. அதில் காட்சிகளுக்கிடையே வரும் ஸ்பானிய எழுத்துப் பலகைகளைத் திரும்ப ஆங்கிலமாக்கி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993-இல் மீட்டெடுத்தது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சுமார் 79 நிமிடம். இறுதிப் பகுதியில் கும்பல் கொலைக் காட்சி வருகிறது, அதனால் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.